சின்ன டேப் வாங்கிய கதை: ஐபேட் மினியா, ஆண்ட்ராய்டா?

தொடக்கநிலை 5 படிக்கும் என் மாணவன் ஒருவனின் கட்டுரையில், ‘பட்டம்’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘ட்’டுக்குப் புள்ளி இல்லை என்று சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். மொத்தம் நான்கு வட்டம். மறுநாள் அவன் அம்மா தாளையே கையோடு கொண்டுவந்துவிட்டார். பென்சிலில் எழுதிய தாள். நான்கு புள்ளியும் இருந்தன, கொஞ்சம் மெலிதாக. பையன் சரியாகத்தான் எழுதியிருந்தான். நான் திருத்தியது தாளின் படத்தை; என் பழைய டேப்பின் திரைதான் அவற்றை விழுங்கியிருந்தது. “பரவாயில்லை டீச்சர்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலமே புது டேப் வாங்குவது என்று முடிவு. பெரியது வேண்டாம். சிங்கப்பூரில் துணைப்பாட வகுப்புக்காகப் பொங்கோலிலிருந்து தேக்காவுக்கு ரயிலில் போகிறேன். 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறந்த பிறகு, ‘ரயில் கிளம்புவதே எங்கள் நிலையத்தில்தான்’ என்ற பெருமையும் போயிற்று, உட்கார இடமும் போயிற்று. நின்றுகொண்டே திருத்த வேண்டும். முதலில் போன கடையில் விற்பனையாளர் 11 அங்குலத்தைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் 11 அங்குலம் என்று அவரே ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும்.

எட்டங்குல அளவில் பெரிய தேர்வே கிடையாது. ஆப்பிள் பக்கம் ஐபேட் மினி ஒன்றுதான், 8.3 அங்குலம், 2024 அக்டோபரில் வந்த ஏ17 புரோ சில்லு உள்ளது. ஆண்ட்ராய்டு பக்கம் என் கைக்கு எட்டிய விலையில் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, 8.7 அங்குலம். மினி எழுநூறு வெள்ளிக்கு மேல், ஏ9 அதில் பாதிகூட இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் என் கணவர் பேச்சை முடித்துவிட்டார். நான் முடிக்கவில்லை.

இரண்டிலும் தமிழ் முரசு இணையத்தளத்தைத் திறந்து, எழுத்தை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கினேன். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் சுழியில்தானே வித்தியாசம். ஏ9இல் ஒரு கட்டத்துக்கு மேல் ‘மன்னன்’, ‘கண்ணன்’ எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டார்கள். மினியில் சுழி சுழியாக எண்ணலாம். காரணம் எளிது: ஏ9 திரை 1340க்கு 800 பிக்சல் (படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளிகள்), அங்குலத்துக்கு ஏறக்குறைய 179. மினியில் 326. ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களுக்கு இது பெரிதாக உறைக்காமல் போகலாம். புள்ளி ஒன்றிலேயே மதிப்பெண் போகும் மொழிக்கு உறைக்கும்.

இன்னொன்று, கடைக்காரர்கள் சொல்லாதது. 8.7 பெரிது, 8.3 சிறிது என்றுதானே நினைப்போம்? ஏ4 தாளை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். ஏ9 நீளவாக்கில் ஒல்லி, அதனால் தாள் அகலத்துக்குச் சுருங்கி, மேலும் கீழும் வெற்றிடம் விழுகிறது. மினி கொஞ்சம் சதுரம், அதே தாள் அதில் ஒரு நூல் பெரிதாகவே தெரிகிறது. படுக்கவைத்து நாடகம் பார்த்தால் கதை தலைகீழ், அங்கே ஏ9க்குத்தான் பெரிய படம்.

அப்புறம் எழுதுகோல். விரலால் வட்டம் போட்டதில் என் வட்டங்கள் எல்லாம் உருளைக்கிழங்கு. ஏ9 சாம்சங்கின் எஸ் பென்னை ஏற்காது. மினி ஆப்பிள் பென்சில் புரோவை ஏற்கும், ஆனால் அது தனிக் காசு, சின்னக் காசும் இல்லை. பழைய இரண்டாம் தலைமுறைப் பென்சில் இந்த மினியில் வேலை செய்யாது. தோழி ஒருத்தி தன்னுடையதைத் தருகிறேன் என்றாள், நல்லவேளை கேட்டுப் பார்த்தேன்.

தட்டெழுத்தில் பெரிய சண்டை இல்லை. ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. நான் அஞ்சல் ஆள். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டைப் போட்டால் தமிழில் பேசினாலே எழுதிக்கொள்ளும். பக்கத்துப் பயணி நம் வீட்டுக் கதையைக் கேட்பார் என்பதுதான் தொந்தரவு.

சரி, மினியைத்தான் வாங்கினேன். குறையும் சொல்லிவிடுகிறேன். 293 கிராம்தான், ஏ9ஐவிட நாற்பது கிராம் குறைவு, மெலிதும்கூட. ஆனால் அகலம் 13 செ.மீ.க்கு மேல். என் கை சின்னது, விளிம்போடு விளிம்பு ஒரு கையால் பற்ற முடியவில்லை. பின்னால் பட்டை வைத்த உறை வாங்கித்தான் சமாளிக்கிறேன். காதுபேசிக்குத் துளை இல்லை, மெமரி கார்டுக்கு இடமும் இல்லை. 128 ஜிபி போதாவிட்டால் கூடுதல் கொள்ளளவுக்கு முதலிலேயே காசு கட்ட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

அந்தத் துளையும் கார்டு இடமும் ஏ9இல் இருக்கின்றன. இருப்பதாலேயே என் மாமியார் மினியைத் தொடக்கூட மறுத்துவிட்டார். அவரிடம் ஒரு மெமரி கார்டு நிறையப் பழைய பாட்டு இருக்கிறது. காதில் வைப்பதோ ஒயர் வைத்தது. ப்ளூடூத் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். “அதுக்கும் சார்ஜ் போடணுமா? எனக்கு மாத்திரை போடவே நேரம் சரியா இருக்கும்மா” என்றார். ஆக, இரண்டு வாரம் கழித்து ஏ9உம் வீட்டுக்கு வந்துவிட்டது. காலையில் ஒலி 96.8 வானொலி, மதியம் நாடகம், எழுத்து எப்போதும் பெரிதாக. அவருக்குச் சுழியும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம்.

பையனுக்கு நான்கு மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கட்டுரையில் புள்ளிகளைப் பேனாவால் குண்டு குண்டாக வைத்திருந்தான், எனக்காகவே வைத்ததுபோல.