க்ராகர், டார்க் த்ரஸ்ட், ஸ்லாட் மேக்: பழைய மசில் காருக்கு எந்த வீல்?

1960களின் செவெல், மஸ்டாங், சார்ஜர் போன்ற மசில் கார்களுக்கு (பெரிய எஞ்சின் பொருத்திய அமெரிக்க கார்கள்) அந்தக் காலத்திலேயே தயாரான வீல் செட் தேடினால், சுற்றிச் சுற்றி க்ராகர், டார்க் த்ரஸ்ட், ஸ்லாட் மேக் என்ற மூன்று வகைகள்தான் கண்ணில் படும். மூன்றுமே அழகு. ஆனால் வருடக்கணக்கில் மழையும் உப்பும் பட்ட வீலை வாங்கும்போது, அது எந்த உலோகம், அதை மீட்டெடுக்க முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

க்ராகர் எஸ்எஸ் 1964இல் வந்தது. தெருவில் ஓடிய மசில் காரின் முகமே இதுதான் என்று சொல்லலாம். வெளி வளையம் இரும்பு, நடுவில் இருக்கும் ஐந்து ஸ்போக் பகுதி அலுமினியம், இரண்டுக்கும் குரோம் பூச்சு. அந்த மினுமினுப்புக்கு ஈடு இன்றும் இல்லை. சிக்கலும் அந்தக் கூட்டணியில்தான். ஈரம் புகுந்தால் இரும்பு வளையம் துருப்பிடிக்கும். அலுமினியத்தின் மேல் குரோம் கொப்பளித்து உரியும். மறுபடி குரோம் போடலாமே என்றால், இரும்புக்கான அமிலக் குளியல் அலுமினியத்தை அரித்துவிடும். இரண்டையும் பிரிப்பதும் லேசில்லை. அதனால் குரோம் குழி விழுந்த க்ராகரை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். நல்ல நிலையில் கிடைத்தால் மட்டும் எடுங்கள். இல்லையென்றால் புதிதாகவே தயாராகிறது, அதை வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பழைய க்ராகர்களில் பல 'யூனிலக்' வகை. போல்ட் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும்; ஒரே வீல் பல கார்களுக்குப் பொருந்தும். வீலை நடுவில் பிடித்து நிறுத்துவது அதற்கென்றே உள்ள வாஷர்கள்தான். அவை தொலைந்துபோய், கையில் கிடைத்ததைப் போட்டு இறுக்கியிருந்தால் வீல் ஆடும், நட்டும் தளரும்.

டார்க் த்ரஸ்ட் பந்தயத்தில் பிறந்தது. 1956இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அமெரிக்கன் ரேசிங் நிறுவனம் 1963இல் கொண்டுவந்தது. விளிம்பை நோக்கிக் குறுகும் ஐந்து நேரான ஸ்போக்குகள், இடையில் பிரேக்குக்குக் காற்று போகத் தாராளமான இடம். வடிவத்தில் மூன்றிலும் இதற்குத்தான் என் ஓட்டு. சாம்பல் நிற ஸ்போக், பளபளக்கும் விளிம்பு: எந்த கம்பெனி கார் ஆனாலும் பொருந்திவிடும். அப்புறம் டிஸ்க் பிரேக்குக்கு இடம் விட்டு ஸ்போக்கை வெளியே வளைத்த 'டி' வகையும் வந்தது. முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள காருக்கு இதைத் தேடுங்கள்.

ஆனால் ஆரம்பகால டார்க் த்ரஸ்ட் மக்னீசியம். எடை மிகக் குறைவு, அரிப்பு மிக அதிகம். வருடங்கள் ஆக ஆக நுண்துளை வழியாகக் காற்று கசியும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் சோதனை செய்யாமல் அப்படிப்பட்ட வீலில் நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. சுவரில் மாட்டி வைத்து ரசிக்கலாம், அதற்கு அது தகும். ஓட்டுவதற்கு அலுமினியத்தில் வார்த்ததை எடுங்கள்.

ஸ்லாட் மேக்கை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆன்சன் ஸ்பிரின்ட் போன்றவை, வட்டமான முகத்தில் நீள்துளைகள், 1970களில் எங்கும் ஓடியவை. பெரும்பாலும் ஒரே வார்ப்பில் செய்த அலுமினியம், குரோம் கிடையாது. மங்கிப்போனதை மணல்தாளும் பாலிஷும் கொண்டு நம் கையாலேயே பளபளப்பாக்கலாம். விலையும் குறைவு. தினமும் எடுத்து ஓட்டும் பழைய காருக்கு இதைவிட நல்ல வீல் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எதை எடுத்தாலும் போல்ட் வட்டத்தை, அதாவது போல்ட் துளைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டத்தை, அளந்துவிட்டு வாங்குங்கள். கமாரோ, செவெலுக்கு நாலே முக்கால் அங்குலம், வி8 (எட்டு சிலிண்டர்) மஸ்டாங்குக்கு நாலரை, 1963 முதல் 1969 வரை வந்த டாட்ஜ் டார்ட்டுக்கு வெறும் நாலு. அந்தக் காலத்து க்ரைஸ்லர் கார்கள் பலவற்றில் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசை மரை. அதற்கேற்ற நட்டையும் வீலோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள்.