மீன்தொட்டி ஸ்ட்ரிப்பை வாய்க்காலில் தோய்த்துப் பார்த்த கதை

திருகோணமலை டவுனில் மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடையொன்றில் நைட்ரேட் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கினேன், 25 துண்டு. தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று நிறம் மாறிக் காட்டுகிற சின்னத் துண்டுதான் அது. "என்ன மீன் வளர்க்கிறீங்கள்?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு மீனே இல்லை, நிலாவெளியில் மாமாவின் வெங்காயத் தோட்டத்து வாய்க்காலில் என்ன ஓடுகிறது என்று பார்க்கத்தான்.

ஒரு செக்கன் தோய்த்து ஒரு நிமிடம் பொறுத்தால் நிறம் மாறும், டப்பாவில் உள்ள அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டியது மழை. விடிய ஆறு மணிக்குக் குடையோடு போய்த் தோய்த்தேன், தேத்தண்ணி நிறத் தண்ணீர், ஸ்ட்ரிப் பீட்ரூட் மாதிரி ஆகி லீட்டருக்கு 100 மில்லிகிராம் காட்டியது. பின்னேரம் 25. மூன்றாம் நாள் 10கூட இல்லை, அன்றைக்கு மட்டும் பார்த்திருந்தால் நல்ல தண்ணீர் என்று எழுதியிருப்பேன்.

வெயில் காலத்தில் பசளையும் எருவும் மண்ணுக்குள் நைட்ரேட்டாக மாறித் தங்கி நிற்கும். அது மண்ணில் ஒட்டாது, அதிலும் மணல் தரையில், முதல் மழையே அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு பாகை சூடேறினால் காற்று 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடிக்கும், அதனால் பெருமழை பெய்தால் முன்னையைவிடக் கூடுதலாகக் கொட்டும். மழை மாறுவதால் மட்டும் இந்த நூற்றாண்டு முடிவில் அமெரிக்க ஆறுகளில் நைட்ரஜன் 19 சதவீதம் அளவில் கூடலாம் என்று 2017இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் மண் வேறு, மழை வேறு, அந்த எண்ணை இங்கே ஒட்ட முடியாது, ஆனால் வாய்க்கால் போகிற போக்கு அதேதான்.

குறைகள் சொல்ல வேண்டும். தம்பலகாமத்தில் யூரியா எறிந்த மறுநாள் வயல் தண்ணீரில் வைத்தால் கிட்டத்தட்ட பூச்சியம். வயல்காரருக்குச் சந்தோஷம், ஆனால் தேங்கிய தண்ணீரில் யூரியா முதலில் அமோனியமாகத்தான் மாறும், இந்த ஸ்ட்ரிப்புக்கு அது தெரியாது. வரம்பு உடைந்தால் அவ்வளவும் வாய்க்காலுக்குத்தான். பொஸ்பேட்டும் பார்க்காது. அது மண்ணோடு ஒட்டிப் போகிற சாமான், தண்ணீர் கலங்கி ஓடினால் அதுவும் போகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, மூடியைச் சரியாகப் பூட்டாமல் விட்ட ஓர் இரவில் ஒன்பது துண்டு ஈரத்திலேயே சிவந்து போனது. அது என் பிழை. குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு லீட்டருக்கு 50 மில்லிகிராம், இதில் 40க்கும் 55க்கும் வித்தியாசம் பிடிபடாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற கிணறென்றால் ஆய்வுகூடத்துக்கே கொடுங்கள்.

இந்த ஸ்ட்ரிப்புக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. அமோனியாவும் பார்க்கிற டப்பா வந்தால் சொல்லுங்கள் என்றிருக்கிறேன், கடைக்காரர் இன்னும் மீனைப் பற்றித்தான் கேட்கிறார்.