கதிர்வீச்சு மருத்துவரைத் தேடித் தருகிறோம் என்பவர்களிடம் முன்பணம் கட்டாதீர்கள்: எனக்குப் போனது மூன்று மாதச் சம்பளமும் 19 நாட்களும்

நேற்று மாலை அந்தச் சேவையிடமிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. நான் செலுத்திய தொகை ‘ஆலோசனைக் கட்டணம்’ என்ற வகையில் சேர்வதால் அதைத் திருப்பித் தர இயலாது என்றும், இத்துடன் என் புகார் முடித்துவைக்கப்படுகிறது என்றும் அதில் இருந்தது. அந்தத் தொகை என் மூன்று மாதச் சம்பளம். என் அம்மாவின் சிகிச்சைக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பணம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நோயாளிகளுக்குச் சிறப்பு மருத்துவர்களைத் தேடித் தருவதாகவும், சிகிச்சைக்கு இடம் பிடித்துத் தருவதாகவும் விளம்பரம் செய்கிற இணைய இடைத்தரகுச் சேவை என்று சொன்னால் போதும். எங்களைப் போன்று புற்றுநோய் மருத்துவமனை இல்லாத சிற்றூரில் இருப்பவர்கள்தான் அதன் கண்ணில் முதலில் படுகிறார்கள்.

அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்த அன்று, எங்கள் மகப்பேறு மருத்துவர் மிகத் தெளிவாகப் பேசினார். நோய் இரண்டாம் நிலையின் பி பிரிவில் இருக்கிறது, அதாவது கருப்பையை ஒட்டிய திசுக்களுக்கும் பரவியிருக்கிறது, இந்த நிலையில் அறுவையை விடக் கதிர்வீச்சும் அதோடு சேர்ந்த கீமோவும்தான் வழி, கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவரை உடனே பாருங்கள் என்றார். யாரைப் பார்ப்பது என்று கேட்டேன். இந்த வட்டாரத்தில் அப்படி யாரும் இல்லை, பெரிய ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, யாருக்கு என்று பெயர் குறிப்பிடாத ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பிரிவுக்கு என்று அவரையே தொலைபேசியில் பேசச் சொல்லி அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்; எனக்கு அப்போது அது தோன்றவில்லை. அன்றிரவு கைபேசியில் தேடியபோது இந்தச் சேவையின் பக்கம் முதலில் வந்து நின்றது. எங்கள் ஊரிலிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில் ‘அதிநவீன லீனியர் ஆக்சிலரேட்டர்’ (மின்சாரத்தால் கதிர்வீச்சை உருவாக்கும் சிகிச்சை இயந்திரம்) உள்ள மையம், ஒரு வாரத்தில் சிகிச்சை தொடக்கம், முழுச் சிகிச்சையும் ஒரே இடத்தில் என்று எழுதியிருந்தது. என் கைபேசி எண்ணைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஒரு பெண் அழைத்தார். ‘நோயாளி ஒருங்கிணைப்பாளர்’ என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டவர், பணத்தைப் பற்றி முதலில் ஒரு சொல்லும் பேசவில்லை. அம்மா சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, இரத்தப்போக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தன் தாயாருக்கும் இதே நோய் வந்து, கதிர்வீச்சு வைத்து, இன்று நலமாக நடமாடுகிறார் என்றார். “அண்ணா, உங்கள் அம்மா எனக்கும் அம்மாதான். நீங்கள் இனிமேல் அலைய வேண்டாம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் சொன்னபோது, இரண்டு நாட்களாகத் தூங்காத நான் தொலைபேசியைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். அதன் பிறகுதான் பணம் வந்தது: பதிவுக்கும் நிபுணர் ஆலோசனைக்கும் ஒரு மாதச் சம்பளம், சிகிச்சை இயந்திரத்தில் ‘இட ஒதுக்கீட்டுக்கு’ இன்னும் இரண்டு மாதச் சம்பளம். இன்றே கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று, அதே கனிந்த குரலில் சொன்னார். மூன்று மாதச் சம்பளத்தை அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். ரசீது என்று வந்தது ஒரு குறுஞ்செய்தி மட்டும்.

பணம் கட்டியதிலிருந்து நான்காம் நாள் காணொளி ஆலோசனை. அம்மாவைத் தலை சீவி, நல்ல புடவை கட்டி, கைபேசியின் முன் உட்கார வைத்திருந்தோம். திரையில் வந்த மருத்துவர் எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து, நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று நிதானமாக விளக்கினார். சிகிச்சையை எப்போது தொடங்கலாம் என்று கேட்டேன். அவர் குழம்பிப்போய், “நான் ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை தருகிற ரேடியாலஜிஸ்ட், எனக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் தொடர்பில்லை, உங்களுக்கு வேண்டியவர் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் இரண்டாவது கருத்துக் கேட்பவர்கள் என்று சொல்லித்தான் அவரையும் இணைத்திருக்கிறார்கள். ஆனால் மருத்துவர்களைத் தேடித் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு, படம் பார்க்கும் மருத்துவருக்கும் கட்டியைக் கதிர்வீச்சால் அழிக்கும் மருத்துவருக்கும் உள்ள வேறுபாடு தெரியாது என்பதை நான் எப்படி நம்புவேன்?

உடனே அந்தப் பெண்ணை அழைத்தேன். ஒரு சிறு தவறு, இரண்டு நாட்களில் சரிசெய்துவிடுவோம் என்றார். இரண்டு நாட்கள் கழித்து, மேலாளரிடம் தெரிவித்திருப்பதாகச் சொன்னார். பிறகு அவர் எண் எடுக்கப்படவே இல்லை. வேறொருவர் பேசினார், புகார் எண் ஒன்றைத் தந்தார், 72 மணி நேரத்தில் பதில் வரும் என்றார். அது கடந்தபின் அழைத்தால் மற்றொரு குரல், மற்றொரு புகார் எண், மீண்டும் 72 மணி நேரம். பணம் கட்டும்வரை ‘அண்ணா’ என்று அழைத்தவர்கள் கட்டியபின் ‘சார்’ என்றார்கள், இறுதி மின்னஞ்சலில் ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்’ என்று எழுதினார்கள். இதற்கு நடுவே ஒரு நாள் திடீரென்று, மையத்தில் இடம் உறுதியாகிவிட்டது, 14ஆம் நாள் காலையில் நேரில் வந்துவிடுங்கள் என்று செய்தி வந்தது. நானும் மீண்டும் நம்பினேன்.

வண்டி பிடித்து, பின் இருக்கையில் அம்மாவைப் படுக்க வைத்து, நான்கு மணி நேரம் போனோம். மையத்தின் பதிவேட்டில் அம்மாவின் பெயரே இல்லை. அப்படி ஒரு சேவையோடு தங்களுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை என்று வரவேற்பில் இருந்தவர் சொன்னார். அங்கு கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் வெளியூரிலிருந்து வந்து போகிறார். நாங்கள் போன நாள் அவர் வருகிற நாளாக அமைந்தது எங்கள் நல்ல நேரம். முன்பதிவு இல்லாமலேயே எங்களை உள்ளே அழைத்து, முக்கால் மணி நேரம் பேசினார். நான் இப்போது எழுதுகிற விவரங்களில் பாதி அவர் சொல்லித் தெரிந்துகொண்டவை.

அங்கே இருந்தது லீனியர் ஆக்சிலரேட்டர் இல்லை, கோபால்ட் இயந்திரம். அது குறையில்லை என்று அவர் விளக்கினார். 1951 முதல் உலகில் எண்ணற்ற நோயாளிகள் கோபால்ட்டால் குணமடைந்திருக்கிறார்கள். ஆனால் அந்த இயந்திரத்துக்குள் இருந்து கதிர்வீச்சைத் தரும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் வீரியம் சுமார் 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும், அவர்களுடைய கதிர்வீச்சு மூலம், அதாவது அந்தப் பொருள், அந்த வயதைத் தாண்டிவிட்டது, அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் இயந்திர நேரம் இரட்டிப்பாகி, காத்திருப்போர் வரிசை ஆறு வாரத்துக்கு நீண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய செய்தி, அந்த மையத்தில் உள் கதிர்வீச்சு, அதாவது பிராக்கிதெரபி, கிடையாது. அம்மாவின் நோய்க்கு வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு பாதிச் சிகிச்சைதான்; அது முடிந்தபின் கருப்பைக்குள் கருவி பொருத்தி, கட்டிக்கு மிக அருகிலிருந்து கதிர்வீச்சு தர வேண்டும். அதற்குப் பரவலாகப் பயன்படும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளின் வீரியம் சுமார் 74 நாட்களில் பாதியாகிவிடுவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை மூலத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளிகள் குறைவாக உள்ள மையங்களால் அந்தச் செலவைத் தாங்க முடிவதில்லை.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு என் வயிறு கலங்கியது. வெளிக் கதிர்வீச்சின் முதல் நாளிலிருந்து உள் கதிர்வீச்சின் கடைசி நாள்வரை எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், நாட்கள் நீள நீளக் கட்டி மீண்டும் வளர்வதற்கு இடம் கிடைக்கும், சிகிச்சையின் பலன் குறையும் என்றார். அந்தச் சேவை சொன்னபடி ‘முழுச் சிகிச்சையும் ஒரே இடத்தில்’ என்று நம்பி நாங்கள் எங்காவது பாதியைத் தொடங்கியிருந்தால், மறுபாதிக்காக ஊர் ஊராக அலைந்து அந்த எட்டு வாரத்தைத் தொலைத்திருப்போம். ஊரில் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இத்தனை பிரிவு இருப்பது எங்களுக்கு யார் சொல்லித் தெரியும்? தெரிந்துகொண்டே அவர்கள் மறைத்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த மருத்துவரே பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் இருக்கும் தன் சக மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி, பெயரும் பிரிவும் நாளும் குறித்த கடிதம் கொடுத்தார். ஒரு தொகையும் வாங்கவில்லை. 19ஆம் நாள் அங்கே போய்ச் சேர்ந்தோம். அதற்குள் இடைவிடாத இரத்தப்போக்கால் அம்மாவின் ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இறங்கியிருந்தது. இரத்தசோகை இருந்தால் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது என்று சொல்லி முதலில் இரத்தம் ஏற்றினார்கள். மூன்று மாதச் சம்பளத்தை நான் உழைத்து மீண்டும் சேர்த்துவிடலாம். 19 நாட்கள் என் அம்மாவின் உடம்பிலிருந்து போனவை, அவற்றை எந்தப் புகார் எண்ணைச் சொல்லித் திரும்பக் கேட்பது?

இப்போது திட்டமிடல் ஸ்கேன் முடிந்து, கதிர் படவேண்டிய இடத்தைக் குறிக்க இடுப்பில் புள்ளிகள் குத்தியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் 25 முறை வெளிக் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து (1999இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு இந்தச் சேர்க்கைதான் உலகெங்கும் வழக்கம் என்றார்கள்), அதன்பின் அதே கட்டடத்தில் உள் கதிர்வீச்சு. எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், நேரமில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நோயைக் கண்டுபிடித்த மருத்துவரிடமிருந்து பெயர் குறித்த பரிந்துரைக் கடிதம் வாங்காமல் அறையை விட்டு எழாதீர்கள். வருகிறவர் ரேடியாலஜிஸ்ட்டா, ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட்டா என்று கேளுங்கள். மையத்தின் எண்ணுக்கு நீங்களே நேரடியாக அழைத்து, பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, என்ன இயந்திரம், பிராக்கிதெரபி உண்டா என்று விசாரியுங்கள். இயந்திரத்தில் இடம் பிடிக்க இடைத்தரகர் எவருக்கும் பணம் தராதீர்கள்.

திங்கட்கிழமை அம்மாவுக்கு முதல் நாள். ஐந்து வாரம் தங்குவதற்கு மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறோம், வீட்டுக்காரர் முன்பணம் கேட்கிறார். அந்த மூன்று மாதச் சம்பளத்தை நான் எடுத்து வைத்திருந்தது இதற்காகத்தான்.