ஓடும்போதே கற்பதா, நிறுத்திக் கற்பிப்பதா?

மார்த்தாண்டம் அருகிலுள்ள எங்கள் முந்திரி ஆலையின் போர்மாவுக்கு, அதாவது தோடு நீக்கிய பருப்பை உலர்த்தும் வெப்ப அறைக்கு, செயற்கை நுண்ணறிவுக் கட்டுப்பாடு வாங்க முனைந்தபோது இரண்டு வகைகள் முன்னால் இருந்தன. ஒன்று, உலர்த்திக்கொண்டிருக்கும்போதே தானே கற்றுத் தன்னை மாற்றிக்கொள்ளும். மற்றது, கற்றதைப் பூட்டிவைத்து ஓடும். சேர்ந்த பதிவுகளைக் கொண்டு தனியே பயிற்சி அளித்து, சோதித்த பிறகே புதிய பதிப்பை அதில் ஏற்ற முடியும். நாங்கள் பூட்டியதையே வாங்கினோம்.

விலையில் பெரிய வேறுபாடு இல்லை. தானே கற்பதன் பக்கம் ஒரு நியாயம் உண்டு: தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில், கோடையில் பயின்ற அமைப்பு ஜூன் மாத ஈரக்காற்றில் தடுமாறும். தானே கற்கும் அமைப்பு எல்லை மீறாதபடி வேலி போடவும் வழி இருக்கிறது. 2018-இல் கூகுளின் தரவு மையக் குளிரூட்டலை டீப்மைண்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் அமைப்பு நேரடியாக இயக்கத் தொடங்கியபோது, அதன் கட்டளைகள் பாதுகாப்பு வரம்புகளோடு ஒத்துப்பார்க்கப்பட்ட பிறகே நிறைவேறின. பணியாளர்கள் விரும்பியபோது கட்டுப்பாட்டைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வெப்ப உணரிதான். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து அது சூட்டைக் குறைத்துக் காட்டத் தொடங்கினால், இரண்டு அமைப்புகளுமே கூடுதலாகச் சூடேற்றும். பூட்டிய அமைப்பில், உணரியை மாற்றியதும் பிழை அன்றே தீர்ந்துவிடும். தானே கற்பதோ அந்தப் பொய் அளவுகளைப் பாடமாக ஏற்றிருக்கும்; உணரி புதிதானாலும் பாடம் பழையதாகவே நிற்கும். கற்றதை நாள்தோறும் நகல் எடுத்துவைத்து, தேவைப்பட்டால் பழைய நகலுக்குத் திரும்பலாம் என்றார் விற்பனையாளர். எந்த நாளின் நகல் வரை நல்லது என்பதை யார் சோதித்துச் சொல்வது? வேலியும் இங்கே உதவாது. 70 பாகையைத் தாண்டக் கூடாது என்று தடுத்தாலும், 68 பாகையில் தேவைக்கு மேல் வைத்திருப்பது வரம்பை மீறியதாகாது, அதற்குள் பருப்பு முறுகி, முழுப் பருப்பெல்லாம் உடைசல் விலைக்குப் போய்விடும். போதாததற்கு, வேலியும் அதே உணரியைத்தான் நம்பியிருக்கிறது.

பூட்டிய அமைப்பில் வேலை அதிகம். ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் மறுபயிற்சிக்கு ஆள் வேண்டும். நொடிக்கு நொடி காற்று மாறும் முப்பந்தல் காற்றாலைகளுக்கு எங்கள் கணக்கு பொருந்தாமலும் போகலாம். எங்கள் அனுபவம் ஒரு போர்மாவின் அளவுதான்.

இப்போது தானே கற்கும் அமைப்பின் சோதனைப் பதிப்பு ஒன்றையும் பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறோம். அது பரிந்துரையை எழுதிவைக்கும், சூடாக்கியைத் தொடாது. தனி உணரியுடன் கூடிய வெப்பத் துண்டிப்பான் ஒன்று, இரண்டின் பேச்சையும் கேளாதபடி மின்கம்பியிலேயே நேராக இணைக்கப்பட்டிருக்கிறது.