சத்துவாச்சாரி வீட்டுச் சுவரில் பென்சில் கோடு

காட்பாடி ஸ்டேஷன், ஆட்டோ பேரம், வெயில் எல்லாம் பழையபடிதான். இந்த முறை எழுத வைத்தது அத்தையின் வலது கை.

மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து மூன்று வாரம். அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. டிஸ்சார்ஜ் தாளில் தோள்பட்டைப் பயிற்சி செய்யவும் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எதற்கு மேல் கூடாது, ஒன்றும் இல்லை. வீட்டில் ஆளாளுக்கு "கையை அசைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று சொல்லி, தலை வாரக்கூடக் கை எழும்பாத நிலை. அறுவையை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தவர்கள் பத்து நிமிடப் பேச்சை விட்டுவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. ரேடியேஷனுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து அசையாமல் படுக்க வேண்டும். தோள் இறுகினால் அந்தத் தேதியே தள்ளிப்போகும்.

நான் இருக்கும் லண்டனில் பயிற்சிகளைப் படம் போட்ட தாளை வார்டிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆனால் பிசியோவை (உடற்பயிற்சி சிகிச்சையாளரை) நேரில் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். இங்கே பக்கத்துத் தெரு பிசியோ அம்மா மறுநாள் காலையே வந்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். அந்தப் பொறுமையை அங்கே கண்டதில்லை.

வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து, வெந்நீரில் குளித்த பிறகு செய்யச் சொன்னார். முதலில் ஐந்தாறு தடவை ஆழ்ந்த மூச்சு. பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒட்டடைக்கம்பை இரு கையாலும் பிடித்து, நல்ல கை தாங்க மெதுவாகத் தலைக்கு மேல். ஐந்து விநாடி நிறுத்தி இறக்கணும், ஐந்து முதல் ஏழு தடவை. அடுத்து கழுத்துக்குப் பின்னால் விரல்களைக் கோத்து முழங்கைகளை மெத்தைப் பக்கம் விரிப்பது. "அம்மா, இழுக்கிற வரைக்கும் போங்க, வலிக்கிற வரைக்கும் வேணாம்" என்றார். வெடுக்கென்று ஆட்டினால் தசை இன்னும் இறுகிக்கொள்ளுமாம். டிரெயின் இருக்கும்போது மட்டும் கை தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர் கூடுதலாகச் சுரக்கும்.

அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கொடிக்கயிறு மாதிரி ஒன்று இழுத்துக்கொண்டு நின்றது. நோய் திரும்பிவிட்டதோ என்று மாமா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. அது இந்த அறுவைக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், மெதுவாக நீட்ட நீட்ட வாரக்கணக்கில் தளரும் என்று பிசியோ அம்மா விளக்கியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. கையில் வளையல் திடீரென்று இறுகினாலோ, கை சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்றும் எழுதிக்கொடுத்தார், தமிழில்.

கடைசியில் சுவர். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு. ரேடியேஷன் நடக்கும்போதும் முடிந்த பிறகும் தோல் இறுகிக்கொண்டே போகும் என்பதால் அப்போதும் விடக் கூடாதாம். முதல் நாள் கோடு அத்தையின் நெற்றி உயரம். ஊரை விட்டுக் கிளம்பிய காலையில் அதற்கு ஒரு சாண் மேலே இன்னொன்று, பக்கத்தில் தேதியோடு.