வெளிநாட்டு ஷூட்டிங்குக்கு லைட்மேன் வேலை என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கம் சீரியல் செட், ரேடியோ செட் வேலை பார்க்கிற தம்பிகள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். மலேசியாவில் சினிமா, டிவி ஷூட்டிங்குக்கு லைட்மேன் எடுக்கிறோம் என்று சொல்லி, தஞ்சாவூரில் ஒரு ஏஜெண்ட் என்னிடமும் என் சித்தப்பா மகனிடமும் தலைக்கு 1,20,000 ரூபாய் வாங்கினார். போன இடத்தில் ஷூட்டிங்கே கிடையாது.

நான் வேலை தெரியாத ஆள் இல்லை. சென்னையில் ஷூட்டிங்குக்கு லைட் சாமான் வாடகைக்கு விடுகிற அவுட்டோர் யூனிட்டில் ஆறு வருடம் லைட்மேனாக இருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பி சொந்தமாக லைட் செட் வைத்திருக்கிறேன். போன புரட்டாசியில் கல்யாண வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் வாட்ஸ்அப்பில் அந்த விளம்பரம் வந்தது. ‘45 லைட்மேன் தேவை, எட்டு மாதம் தொடர் ஷூட்டிங், சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.’

அந்த ஒரு வரியிலேயே நான் விழித்திருக்க வேண்டும். நம் ஊர்ப் படம் ஒன்று பாட்டு எடுக்க வெளிநாடு போனால், இங்கிருந்து கூடப் போகிற லைட்மேன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரிய லைட், ஜெனரேட்டர் எல்லாம் பெரும்பாலும் அங்கேயே வாடகைக்கு எடுப்பார்கள். அதை இயக்க அந்த ஊர் காஃபர் (லைட் ஆட்களின் தலைவர்), எலக்ட்ரீஷியன் வருவார்கள். இங்கிருந்து சாமான் கொண்டுபோனால் அதற்குத் தனியாக கார்னெட் என்கிற சுங்கப் பேப்பர் போட்டு, எண்ணிக் கொண்டுபோய் எண்ணித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவில் யாரும் 45 பேரை எட்டு மாதம் வைத்திருக்க மாட்டார்கள். கூப்பிடுவதும் யூனிட் மூலமாக, கேமராமேன் மூலமாக, முன்னால் நம்மோடு வேலை பார்த்த காஃபர் மூலமாகத்தான். டிக்கெட், விசா, பேட்டா எல்லாம் தயாரிப்பாளர் பொறுப்பு. லைட்மேன் கையிலிருந்து பணம் வாங்குகிற வழக்கம் சினிமாவில் கிடையவே கிடையாது. இவ்வளவும் தெரிந்திருந்தும், வெளிநாட்டில் முறை வேறாக இருக்கும் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்டர்வியூவில் கேட்டது இரண்டே கேள்வி. உயரத்தில் ஏறுவீர்களா, பாஸ்போர்ட் இருக்கிறதா. எந்த யூனிட்டில் இருந்தீர்கள், யூனியன் கார்டு இருக்கிறதா, ஷூட்டிங்கில் போடுகிற எச்எம்ஐ லைட்டும் அதற்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கிற பாலஸ்டும் கையாண்டிருக்கிறீர்களா, மூன்று பேஸ் கரண்டில் லோடு பிரித்துக் கொடுக்கத் தெரியுமா, ஒன்றுமே கேட்கவில்லை. வீட்டு வயரிங் மட்டும் தெரிந்த ஒரு பையனை இரண்டே நிமிடத்தில் செலக்ட் செய்தார்கள். கையில் கொடுத்த ஆஃபர் லெட்டரில் கால்ஷீட் என்ற வார்த்தையும் இல்லை, பேட்டா என்ற வார்த்தையும் இல்லை. மாதச் சம்பளம், ஓவர்டைம் என்று ஃபேக்டரி வேலைக்குப் போடுகிற மாதிரி இருந்தது. பணத்தை மூன்று தவணையாக ஒரு பெண்ணின் சொந்தக் கணக்குக்கு ஜிபேயில் போடச் சொன்னார்கள். ரசீது கேட்டால் ‘கிளம்பும்போது தருகிறோம்’ என்றார்கள். தம்பியின் பங்குக்குச் சித்தி தன் தோட்டைக் கழற்றிக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார்.

ஒரு விஷயம் எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு உள்ளவர்களின் பட்டியல் அந்த அமைச்சகத்தின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் இருக்கிறது, பெயர் போட்டுப் பார்த்துவிடலாம். பதிவு உள்ள ஏஜெண்ட்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மொத்தம் 35,400. அதற்கும் ரசீது கொடுத்தாக வேண்டும். எங்களிடம் வாங்கியவருக்குப் பதிவே இல்லை.

எங்கள் பணத்தில் 18,000 ‘விசா, பர்மிட் செலவு’ என்று கணக்குச் சொன்னார். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமலே போய் வரலாம், அதுவும் சுற்றிப் பார்க்கத்தான், வேலை செய்ய முடியாது என்பதைத் திருச்சி விமான நிலைய வரிசையில் பின்னால் நின்ற கூத்தாநல்லூர்க்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தின நாள்தான் ஏஜெண்ட் போனில், “யார் கேட்டாலும் பத்துமலை முருகனைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள்” என்று சொல்லியிருந்தார். பொய் சொல்லச் சொன்ன அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். தம்பி என் முகத்தைப் பார்த்தான். “வந்தது வந்துட்டோம்டா, போய்ப் பார்ப்போம்” என்று நான்தான் சொன்னேன். அந்த வார்த்தை என்னை இன்னும் அறுக்கிறது.

கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கு. ஒரே அறையில் பதினொரு பேர். நான் பையில் எடுத்துப்போன தோல் கையுறை, டெஸ்டர், கிளிப் எதற்கும் அங்கே வேலை இல்லை. கல்யாண மண்டபத்துக்கும் கண்காட்சிக்கும் டிரஸ் என்கிற, லைட் மாட்டும் இரும்புச் சட்டங்களை ஏற்றி இறக்குவதுதான் வேலை, காலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை. போன அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் லாரியிலிருந்து இறக்கும்போது டிரஸ் வழுக்கித் தம்பியின் வலது காலில் விழுந்தது. பெருவிரல் நகம் அப்படியே பெயர்ந்து தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பர்மிட் கேட்பார்கள் என்று சூப்பர்வைசர் மறுத்துவிட்டார். குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவி, என் துண்டைக் கிழித்துக் கட்டினேன். “அண்ணே, அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்றான் அவன். அவனுக்கு 22 வயது.

வரிசையில் பேசிய கூத்தாநல்லூர்க்காரர் கொடுத்திருந்த நம்பர்தான் எங்களைக் காப்பாற்றியது. அங்கே ஒரு உணவகத்தில் வேலை பார்க்கிறவர். நேராகக் கிடங்குக்கே வந்து, இந்தியத் தூதரகத்துக்குப் போகப்போகிறோம் என்று சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. டிக்கெட்டும் அவர் போட்டதுதான். 23-ஆம் நாள் ஊர் வந்து சேர்ந்தோம். 30 நாள் தாண்டியிருந்தால் அங்கே சட்டவிரோதமாகத் தங்கியவர்கள் ஆகியிருப்போம். சம்பளம் என்று ஒரு ரிங்கிட் கூட வரவில்லை.

தஞ்சாவூரில் போலீசில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் (புகார் ரசீது) வாங்கியிருக்கிறோம். ஜிபே பதிவும் வாட்ஸ்அப் குரல் செய்திகளும்தான் சாட்சி, அதனால் யாரும் எதையும் அழிக்காதீர்கள். இதுவரை இரண்டு பேருக்கும் சேர்த்து 30,000 திரும்பி வந்திருக்கிறது.

நிஜமாகவே மலேசியாவில் ஷூட்டிங் என்றால், வெளிநாட்டுக் குழு அங்கே படமெடுக்க புஸ்பால் (PUSPAL) என்கிற அந்நாட்டு அரசு அமைப்பின் அனுமதி வேண்டும். அதன் பேரில்தான் குழுவில் உள்ளவர்களுக்கு வேலைக்கான பாஸ் கிடைக்கும். அந்த அனுமதியின் நகலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தப் படம், கேமராமேன் யார், எந்த யூனிட் என்று கேளுங்கள். சென்னையில் ஒரு போன் போட்டால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அங்கே யாரையும் தெரியாது என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன். ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்களின் வீட்டார், மத்திய அரசின் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

இப்போது இதே ஆள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ‘ஐரோப்பாவில் சீரியல் ஷூட்டிங், லைட்மேன் 30 பேர்’ என்று விளம்பரம் விட்டிருக்கிறார். முன்பணம் 50,000 என்று போட்டிருக்கிறது. கடைசித் தேதி இந்த வெள்ளிக்கிழமை.