மாற்றாத மதர்போர்டுக்கு பில் போட்டார்கள்: ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பின் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்த கையோடு மடிக்கணினி மக்கர் பண்ணி, அதில் லினக்ஸும் ஓடிக்கொண்டிருந்தால், சர்வீஸ் சென்டர் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். மாற்றாத மதர்போர்டுக்கு என்னிடம் காசு வாங்கினார்கள். அந்தக் காசு திரும்பி வந்தது. எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அப்டேட் வந்தது முறையான வழியில்தான், அதாவது லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் ஃபர்ம்வேர் அப்டேட் கருவியான எஃப்டபிள்யூஅப்டி (fwupd) மூலம். ரீஸ்டார்ட் ஆனது, பட்டை நிரம்பியது, எல்லாம் ஒழுங்காக முடிந்தது போல்தான் தெரிந்தது. லாகின் செய்தால் டச்பேட் அசையவில்லை. ஃபேன் சும்மா இருக்கும்போதே முழு வேகத்தில் சுற்றியது. மூடி வைத்தால் தூங்கியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் லாகில் டச்பேடை ரீசெட் செய்ய முடியவில்லை என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது.

பழைய கெர்னலில் பூட் செய்தேன், அதே கதை. வேறொரு டிஸ்ட்ரோவை (லினக்ஸின் இன்னொரு தொகுப்பை) யுஎஸ்பியில் போட்டுப் பார்த்தேன், அதிலும் மாற்றமில்லை. அப்புறம் பயாஸ் திரைக்குள், அதாவது மதர்போர்டின் ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குள் போனேன். முன்பு அங்கே டச்பேடால் அம்புக்குறியை நகர்த்த முடியும். இப்போது அங்கேயும் நகரவில்லை. பயாஸ் திரையில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் ஓடுவதில்லை. எனவே லினக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்க இடமில்லை. சிக்கல் அதற்குக் கீழே, பெரும்பாலும் எம்பெடட் கன்ட்ரோலரில். கீபோர்டு, ஃபேன், சார்ஜிங் இதையெல்லாம் கவனிக்கும் தனிச் சில்லு அது. பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், கணினியை ரீஸ்டார்ட் செய்தாலும் அது பழைய நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கலாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் சில மாடல்களில் சரியாகிவிடும். என்னுடையதில் ஆகவில்லை. உள்ளே இருக்கும் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும், வாரன்டி இன்னும் இருந்தது. சரி, அவர்களே திறக்கட்டும் என்று கொடுத்தேன்.

கவுன்டரில் இருந்தவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். “லினக்ஸா சார்? அப்போ போர்டு போயிருக்கும். வாரன்டில வராது.” மூடியைக்கூடத் திறக்கவில்லை.

இந்தப் பேச்சு முழுக்க ஆகாயத்திலிருந்து விழுந்ததும் இல்லை. 2017-ல் உபுண்டு என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் 17.10 பதிப்பின் கெர்னலில் இருந்த, பயாஸ் சில்லோடு பேசும் இன்டெல் எஸ்பிஐ டிரைவரால், சில லெனோவோ, ஏசர், தோஷிபா மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாமல் போனது. உபுண்டு அந்த வெளியீட்டின் டவுன்லோடை டிசம்பரில் நிறுத்திவைத்து, 2018 ஜனவரியில் திருத்திய 17.10.1-ஐ வெளியிட்டது. ஆனால் எஃப்டபிள்யூஅப்டி வேலை செய்யும் விதம் வேறு. கணினி தயாரிப்பாளரே ஏற்றி வைத்த ஃபைலை எடுத்து பூட் பகுதியில் வைப்பதோடு லினக்ஸின் பங்கு முடிந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது ஃபைலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்துச் சில்லில் எழுதுவது பழைய ஃபர்ம்வேரேதான். அவர்கள் தந்த ஃபைலை அவர்கள் ஃபர்ம்வேரே எழுதிக்கொண்டது. இதைச் சொன்னேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது சார், பாலிசி அப்படி” என்றார்.

“சரி, லினக்ஸால்தான் போர்டு பழுது என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுங்கள்” என்றேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது. கடைசியில் ‘டச்பேட் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினார். டிஸ்கில் கை வைக்கக் கூடாது என்பதை நானே வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வேலை நிறைய இருந்தது, கணினி இல்லாமல் ஓட்ட முடியாது. போர்டுக்கான தொகையைக் கட்டி வாங்கி வந்தேன். டச்பேட் அருமையாக வேலை செய்தது, ஃபேன் அமைதி. டிஸ்க் சுத்தமாகத் துடைக்கப்பட்டு அதில் விண்டோஸ் இருந்தது. கேட்டால் ‘டெஸ்டிங்குக்காக’ என்றார்கள். பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

மறுபடி லினக்ஸ் போட்டு, நான் தனியாகக் கட்டும் ஒரு கெர்னல் மாட்யூலையும் (கெர்னலோடு சேரும் கூடுதல் நிரல்) ஏற்றினேன். கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இப்படிப்பட்ட மாட்யூலுக்கு நம் டிஜிட்டல் சாவியால் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை ஒரு முறை நீலத் திரையில் பதிவு செய்ய வேண்டும். புது போர்டு என்பதால் அந்தத் திரைக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை, மாட்யூல் பாட்டுக்கு ஏறிவிட்டது.

மோக்யூடில் (mokutil) கட்டளையில் பதிவான சாவிகளைப் பட்டியலிட்டேன். நான் வைத்த பெயரோடு, நான் உருவாக்கிய பழைய தேதியோடு என் சாவி உட்கார்ந்திருந்தது! அந்தச் சாவி டிஸ்கில் இருப்பதில்லை. மதர்போர்டிலுள்ள ஃபர்ம்வேர் சில்லில் இருக்கும் நினைவகத்தில் பதிவாகிறது. புதிதாக மாட்டிய போர்டில் என் சாவி எப்படி வரும்?

சீரியல் எண்ணைக் காட்டியிருந்தால் நழுவியிருப்பார்கள். போர்டு மாற்றும்போது பழைய கணினியின் சீரியலைப் புதியதில் எழுதிவிடுவது வழக்கம்தான், அதற்கென்றே கருவி உண்டு. ஆனால் என் சாவியை யாரும் நகலெடுத்து வைக்கப் போவதில்லை.

அச்செடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் வைத்தேன். “கழற்றிய பழைய போர்டைக் காட்டுங்கள், பேச்சை முடித்துக்கொள்ளலாம்” என்றேன். உள்ளே போனார், வந்தார். “பில்லில் தவறுதலாக ஏறிவிட்டது சார்” என்றார். போர்டுக்கான தொகை திரும்ப வந்தது, ‘பரிசோதனைக் கட்டணம்’ வரவில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டியதைத் தவிர அவர்கள் வேறு எதுவும் செய்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

ஆகவே, கொடுக்கும் முன் மோக்யூடில் பட்டியலையும் பயாஸ் பதிப்பையும் போர்டு சீரியலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஎம்ஐடிகோட் (dmidecode) கட்டளையில் பின்னவை இரண்டும் கிடைக்கும். எந்த உதிரிப்பாகம் மாற்றினாலும் கழற்றியது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஜாப் ஷீட்டிலேயே எழுத வையுங்கள்.

இன்னொன்று, அப்டேட்டுக்குப் பின் ‘போய்விட்டது’ போலத் தெரிபவை பல நேரம் போயிருக்காது. பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பி, எஸ்எஸ்டி ரெய்டு முறைக்கு (டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் முறை) மாறினால் லினக்ஸுக்கு டிஸ்கே கண்ணில் படாமல் போகலாம். செக்யூர் பூட் தானாக இயங்கினால் கையொப்பமில்லாத கிராபிக்ஸ் டிரைவர் ஏறாது. டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு) மூலம் தானாகத் திறந்த, லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்த டிஸ்க் திடீரென்று கடவுச்சொல் கேட்கும், ஏனென்றால் ஃபர்ம்வேர் மாறியதும் டிபிஎம்மில் பதிவாகும் அளவீடும் மாறிவிடுகிறது. சில அப்டேட்கள் மின்சாரத்தை மிகக் குறைவாகவே இழுக்கும் பழைய எஸ்3 தூக்க முறையையே எடுத்துவிடும். அதனால் மூடி வைத்த கணினியில் சார்ஜ் இறங்கினால் ‘பேட்டரி மாத்தணும்’ என்பார்கள். இவை எதற்கும் ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. எஃப்டபிள்யூஅப்டியில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியும் உண்டு, சில தயாரிப்பாளர்கள் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

வாரன்டியை மறுத்ததற்கு எழுத்தில் காரணம் கேட்டுத் தயாரிப்பாளருக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இதுவரை வந்தது புகார் எண் மட்டும்தான். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.